ஆடி அமாவாசைக்கு முன் கேட்டு வைக்க வேண்டிய பெயர்கள்

திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பங்களின் இளையவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புத் தம்பி, தங்கைகளே,

கரமனையிலும் வலியசாலையிலும் அக்கிரகார வீடுகளில் பிறந்தவர்கள், சாலைக் கடைத்தெருவில் மூன்று தலைமுறையாகக் கடை நடத்தும் குடும்பத்துப் பிள்ளைகள், நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்களின் பேரன் பேத்திகள், டெக்னோபார்க்கில் வேலை கிடைத்து நேற்று வந்து இறங்கியவர்கள் என உங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம், அய்யாவழிக்காரர், எந்தச் சடங்கிலும் நம்பிக்கை இல்லாதவர் என்று எவரையும் விலக்கி வைக்காமல் எழுதப்படுகிறது. சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. நம் வீடுகளில் இறந்தவர்களுக்கான நாள் தவறாமல் வருகிறது, சடங்கும் குறைவில்லாமல் நடக்கிறது, ஆனால் அவர்களுடைய பெயர்கள் கைநழுவிப் போய்க்கொண்டிருக்கின்றன.

மலையாள ஆண்டின் கடைசி மாதமான கர்க்கடகம் நமக்கு ஆடி. அந்த மாதத்து அமாவாசையைக் கேரளம் கர்க்கடக வாவு என்று கொண்டாடுகிறது. மாநிலம் முழுவதும் அரசு விடுமுறை. திருவல்லம் பரசுராமர் கோவிலிலும் சங்குமுகம் கடற்கரையிலும் வர்க்கலைப் பாபநாசத்திலும் நள்ளிரவு தாண்டியதுமே வரிசை தொடங்கிவிடும். வடக்கே ஆலுவா மணப்புறத்திலும் திருநாவாயாவிலும் வயநாட்டுத் திருநெல்லியிலும் இதே கூட்டம். தமிழ்நாட்டாருக்கு அன்றுதான் ஆடி அமாவாசை. பஞ்சாங்கக் கணக்கால் சில ஆண்டுகளில் ஒரு நாள் முன்பின் ஆகலாம், அவ்வளவே. கன்னியாகுமரி முக்கடலிலும் பாபநாசத்துத் தாமிரபரணியிலும் இராமேசுவரம் அக்கினி தீர்த்தத்திலும் கூடுகிற கூட்டமும், யாழ்ப்பாணத்துக் கீரிமலையிலும் மட்டக்களப்பு மாமாங்கேசுவரர் தீர்த்தத்திலும் முழுகுகிற கூட்டமும் அதே நீத்தாருக்காகத்தான் வருகின்றன.

திருவல்லத்தில் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். முந்தைய நாள் ஒரிக்கல். அதாவது ஒரு வேளை மட்டுமே அரிசிச் சோறு. விடியும் முன் குளித்து, உடுத்த ஈரத்துணியோடு தெற்குப் பார்த்து உட்காருகிறார்கள். மோதிர விரலில் தர்ப்பைப் பவித்திரம். எதிரே வாழையிலைத் துண்டு, அதில் வெந்த பச்சரிசிச் சோறு, எள், சந்தனம், பூ, ஒரு கிண்டியில் தண்ணீர். பூக்களோடு செறூளையும் இருக்கும். தமிழ்நாட்டில் பொங்கலுக்கு முதல் நாள் காப்புக் கட்டுவதற்குக் கூரையில் செருகும் சிறுபீளைதான் அது. கூட்டம் பெரிதென்பதால், சடங்கை நடத்தும் கர்மி ஒலிபெருக்கியில் சொல்லச் சொல்ல, நூற்றுக்கணக்கானவர்களின் கைகள் ஒரே நேரத்தில் நீரை வார்க்கின்றன, எள்ளை இடுகின்றன. முடிந்ததும் இலையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு நீரில் இறங்கி, விட்டு, முங்கி எழுவார்கள். வீட்டிலேயே இந்தச் சோற்றுப் பலி போடுகிறவர்கள் ஈரக்கையைத் தட்டிக் காக்கையைக் கூப்பிடுவார்கள்.

தமிழ் வீடுகளிலிருந்து முதன்முதலாக அங்கே போகிறவர்களுக்கு வியப்பாக இருப்பது பெண்கள் கூட்டம். நம் பக்கத்தில் தர்ப்பணம் பெரும்பாலும் தகப்பனை இழந்த மகனின் கடமை. பெண்கள் அடுக்களையில் சமையலோடு நின்றுவிடுவார்கள். இங்கே மகளும் மருமகளும் பேத்தியும் ஆண்களோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து தம் கையால் பலி போடுகிறார்கள். மருமக்கள் வழியில் வந்த நாயர் தறவாடுகளில் ஒரு காலத்தில் மாமனுக்கு மருமகனே கொள்ளி வைத்தான், ஈமக்கடன் செய்தான். இலங்கைத் தமிழர்களோ ஆடி அமாவாசையைத் தகப்பனுக்கும் சித்திரா பௌர்ணமியைத் தாய்க்கும் என்று பிரித்து, தாய்க்கென்றே ஒரு விரத நாளை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். யார் செய்யலாம், யாருக்குச் செய்யலாம் என்பதற்கு ஊருக்கு ஊர் விடை வேறு.

இந்த இடத்தில்தான் பெயர் வருகிறது. கர்மி, இறந்தவரின் பெயரையும் நாளையும் மனத்தில் நினைத்துக்கொள்ளச் சொல்வார். நம் வீட்டு வாத்தியாரோ இன்னும் கறார். தகப்பனார், பாட்டனார், முப்பாட்டனார் என்று மூன்று தலைமுறை வேண்டும். தகப்பனை வசுவாகவும் பாட்டனை உருத்திரனாகவும் முப்பாட்டனை ஆதித்தனாகவும் பாவித்து எள்ளும் நீரும் இறைக்க வேண்டும். அதற்கு நிகராகத் தாய், பாட்டி, முப்பாட்டி. பிறகு தாய்வழியிலும் மூன்று தலைமுறை. தகப்பனார் பெயர் சட்டென்று வரும். பாட்டனார் பெயர் வரும். முப்பாட்டனாரிடம் வந்ததும் நாக்கு நின்றுவிடும். முப்பாட்டியின் பெயரைக் கேட்டால் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பெயர் தெரியாவிட்டாலும் சடங்கு நிற்காது. வாத்தியார் பொதுவாக ஒரு பெயரைச் சொல்லி மேலே போய்விடுவார். அந்த அம்மாள் நம் நினைவிலிருந்து நீங்கியது அப்படித்தான்.

நாள் கணக்கிலும் இந்த ஊர் ஒரு பெரிய பாடம். திதியை வைத்துச் சிராத்தம் செய்கிற தமிழ் வீட்டுக்கு அடுத்த வீட்டில், இறந்த நாளின் நட்சத்திரத்தை வைத்து ஆண்டுப் பலி போடுகிற மலையாளி இருப்பார். எதிர்வீட்டுக் கிறிஸ்தவருக்கு ஆங்கிலத் தேதி. தெருமுனையில் இருக்கும் முஸ்லிம் குடும்பத்துக்கு ஹிஜ்ரி பிறை. ஹிஜ்ரி ஆண்டு சுமார் பதினோரு நாள் குறைவு என்பதால் அந்த நாள் ஒவ்வோர் ஆண்டும் முன்னே நகர்ந்து, முப்பத்து மூன்று ஆண்டுகளில் மழை, வெயில், பனி எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். ஒரே தெருவில் நான்கு கணக்கு. ஒருவருக்கொருவர் நாளை விசாரித்துத் தெரிந்துகொண்டால்தான் அடுத்த வீட்டின் துக்க நாளில் நாம் பாட்டைச் சத்தமாக வைக்காமல் இருக்க முடியும்.

பீமாபள்ளிக்குப் போய் வராத திருவனந்தபுரத்தார் குறைவு. அங்கே அடங்கியிருப்பவர்கள் பீமா பீவியும் அவர் மகன் மாஹீன் அபூபக்கரும். ஒரு பெண்ணின் பெயரே ஊருக்குப் பெயராகிவிட்டது. ஜமாதுல் ஆகிர் மாதத்துத் தொடக்கத்தில் பத்து நாள் உரூஸ். கொடியேறும் நாளில் நகருக்கு உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். மண்குடத்தில் காசு இட்டு, வாயைத் தாளால் மூடி, மல்லிகைச் சரம் சுற்றி, ஊதுவத்தி செருகித் தலையில் சுமந்து வருகிற சந்தனக்குடத்தில் எல்லா மதத்தாரும் உண்டு; தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களும் ஏராளம். அதே ஜமாதுல் ஆகிர் மாதத்தில்தான் நாகூரில் சாகுல் ஹமீது ஆண்டவருக்குக் கந்தூரி. அந்தத் தர்காவின் ஐந்து மினாராக்களில் உயரமானதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். பிழைக்கப் போன தமிழ் முஸ்லிம்கள் நாகூராரின் பெயரைக் கப்பலேற்றிச் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் அவர் நினைவாகத் தர்கா எழுப்பினார்கள்.

அதே சமூகத்தின் சாதாரண அடக்கத்தைப் பார்த்தால் அங்கே ஆடம்பரமே இல்லை. கபன் துணி சுற்றிய உடலைக் கபர்க் குழியில் இறக்கியதும் வந்தவர்கள் ஆளுக்கு மூன்று பிடி மண் தள்ளுவார்கள். தலைமாட்டில் ஒரு மீசான் கல், கால்மாட்டில் ஒன்று. மலபார்ப் பக்கத்தில் கபரின் மேல் மருதாணிச் செடி நடுவார்கள். கல்லில் பெயர் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். யாசீன் ஓதி துஆ கேட்கும்போது பெயர் சொல்லப்படும். துக்கத்துக்கும் அளவு வகுத்திருக்கிறார்கள். மற்றவர்களுக்கு மூன்று நாள், கணவனை இழந்தவளுக்கு நான்கு மாதமும் பத்து நாளும். தர்காவில் குடம் எடுப்பது சரியா என்பதில் முஸ்லிம்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

கிறிஸ்தவர்களிடமும் அப்படியே. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். பாற்றூர்க் கல்லறைத் தோட்டத்திலும் வலியதுறை, பூந்துறை, விழிஞ்ஞம் கடலோரப் பங்குகளிலும் அதற்கு முன்பே கல்லறைகளைக் கழுவி, புல் பிடுங்கி, மெழுகுவத்தியும் பூவும் வாங்கி வைத்துவிடுவார்கள். குருவானவர் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். கத்தோலிக்கர் தங்கள் மரித்தோருக்குப் பூசை ஒப்புக்கொடுக்கும்போது பெயரை எழுதிக் கொடுக்கிறார்கள். உத்தரிக்கிற நிலையில் இருக்கும் அந்த ஆன்மாவுக்கு உயிரோடிருப்பவரின் மன்றாட்டு உதவும் என்பது அவர்கள் விசுவாசம். சி.எஸ்.ஐ. சபையார் இறந்தவருக்காக மன்றாடுவதில்லை. அவர் வாழ்ந்த வாழ்வுக்கு நன்றி சொல்லி ஆராதனை நடத்துகிறார்கள். கல்லறையில் பெயர் பொறிப்பது மட்டும் இரு தரப்புக்கும் பொது.

இந்தப் பூக்கள் எங்கிருந்து வருகின்றன என்று எண்ணிப் பார்த்ததுண்டா? பெரும்பகுதி கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளைச் சந்தையிலிருந்து. கல்லறைக்குப் போகும் மாலைக்கும் சந்தனக்குடத்தில் சுற்றும் சரத்துக்கும் தைக்காட்டு மயானத்தில் உடல்மேல் வைக்கும் மலர் வளையத்துக்கும் விடிகாலையில் ஒரே சந்தையில்தான் பூ நிறுக்கிறார்கள். அங்கே குவிந்து கிடக்கும் செண்டுமல்லி மெக்சிகோவிலிருந்து கடல் கடந்து வந்த செடி. அந்த நாட்டில் நவம்பர் 1, 2 நாட்களில் இறந்தோர் திருநாளுக்கு வீட்டுக்குள் பலிபீடம் அமைத்து, இறந்தவரின் படத்தையும் அவருக்குப் பிடித்த உணவையும் வைத்து, அவர் வழி தெரிந்து வீடு வந்து சேரச் செண்டுமல்லி இதழ்களைத் தூவுகிறார்கள். 2008இல் யுனெஸ்கோ அந்த வழக்கத்தை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலிட்டது. ஆடி அமாவாசையன்று படத்துக்கு மாலை போட்டு, பாட்டனுக்குப் பிடித்த பட்சணத்தைப் படைக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

எல்லாரும் எரிக்கிறார்கள் அல்லது எள்ளிறைக்கிறார்கள் என்று இந்துக்களைப் பற்றியும் ஒரே அடியாகச் சொல்ல முடியாது. பழைய தென் திருவிதாங்கூரில் பிறந்த அய்யாவழியில் உடலை எரிப்பதில்லை. வடக்கு நோக்கி, அமர்ந்த நிலையில் மண்ணில் வைக்கிறார்கள். திதியும் தர்ப்பணமும் கிடையாது. தர்ம யுகத்துக்குக் காத்திருப்பதாக நம்பிக்கை. இந்த நகரின் சிங்காரத்தோப்பில் சிறை வைக்கப்பட்ட அய்யா வைகுண்டர் 1851இல் மறைந்தார். அவர் அடங்கிய இடமே சாமித்தோப்புத் தலைமைப்பதி. தென்பாண்டி வீடுகளிலும் நாஞ்சில் நாட்டிலும் கன்னியாக இறந்த பெண்ணைத் தெய்வமாக்கி, ஆண்டுதோறும் அவளுக்குப் புதுப் பாவாடை எடுத்துப் பெட்டியில் வைக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் படையை எதிர்த்துக் கணியாகுளத்தில் மடிந்த வேணாட்டு வீரன் இரவிக்குட்டிப் பிள்ளையின் கதையைத் தமிழும் மலையாளமும் கலந்த பாட்டாகப் பாடி வந்தார்கள். அவன் பெயரைக் காப்பாற்றியது அந்தப் பாட்டுத்தான்.

பெயரைக் கல்லில் நிறுத்தும் வழக்கம் தமிழர்களுக்குப் புதிதல்ல. நடுகல்லுக்குக் கல்லைத் தேடிக் காண்பதிலிருந்து வாழ்த்துவது வரை ஆறு படிகளைத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்கு இமயத்தில் கல்லெடுத்துக் கங்கையில் நீராட்டியதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் வீரர்களைக் குறிக்கின்றன. அதற்கும் முந்தைய ஆதிச்சநல்லூர்த் தாழியும் கேரளத்தில் நிலம் உழும்போது அகப்படும் நன்னங்காடியும் ஒரே வகைப் பானைதான். உள்ளே எலும்பு, அருகில் கிண்ணம், இரும்புக் கருவி. செத்தவர் வெறுங்கையோடு போகக்கூடாது என்ற அக்கறை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இருபுறமும் இருந்திருக்கிறது. ஆனால் தாழிக்குள் இருப்பவரின் பெயர் எவருக்கும் தெரியாது. எர்ணாகுளம் மாவட்டத்துச் சேந்தமங்கலத்திலோ 1269ஆம் ஆண்டைச் சேர்ந்த எபிரேயக் கல் ஒன்று நிற்கிறது. இந்தியாவில் கிடைத்த மிகப் பழைய எபிரேயக் கல்வெட்டு அது. இஸ்ரவேலின் மகள் சாரா என்று அதில் இருக்கிறது. அந்த ஊர் யூதர்கள் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். சாரா யார், எப்படி வாழ்ந்தாள் என்பது தெரியாது. ஆயினும் ஏழரை நூற்றாண்டு கழித்து நாம் அவளைப் பெயர் சொல்லி அழைக்கிறோம்.

பெயர் எவ்வளவு பெரிது என்பதைப் பேரிடர்கள் காட்டிவிடுகின்றன. 2017 நவம்பர் 30 அன்று வந்த ஒக்கிப் புயலில் பூந்துறை, விழிஞ்ஞம் தொடங்கித் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை வரை கடலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. பலரின் உடலும் கிடைக்கவில்லை. உடல் இல்லாமல் அடக்கம் இல்லை, கல்லறை இல்லை. சட்டப்படி ஏழு ஆண்டு தகவல் இல்லாவிட்டால்தான் இறந்ததாகக் கொள்ள முடியும். கேரள அரசு அந்தக் காத்திருப்பைத் தளர்த்தி, காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கும் 20 லட்சம் ரூபாய் வழங்கியது. பணம் வந்தது, ஆனால் மெழுகுவத்தி எங்கே ஏற்றுவது என்ற கேள்விக்கு அந்தத் தாய்மார்களுக்குக் கடற்கரை ஒன்றுதான் விடை. உடல் கிடைக்காதவருக்குத் தர்ப்பையால் உருவம் செய்து எரிக்கும் வழக்கம் இந்துக்களிடம் பழைய நாளிலிருந்தே உண்டு. கடலும் காடும் ஆளை விழுங்குவது அன்றும் நடந்திருக்கிறது; அதற்கும் ஒரு வழி தேடி வைத்திருக்கிறார்கள்.

ஒக்கியில் பெயர் இருந்தது, உடல் இல்லை. வயநாட்டில் உடல் இருந்தது, பெயர் இல்லை. 2024 ஜூலை 30 விடியும் முன் முண்டக்கையையும் சூரல்மலையையும் மண்சரிவு அடித்துக்கொண்டு போனது. அடையாளம் தெரியாத உடல்களையும் உடற்பகுதிகளையும் ஆகஸ்டு முதல் வாரத்தில் புத்துமலையில் தோட்ட நிலம் ஒன்றில் அடக்கம் செய்தார்கள். இந்துவா, முஸ்லிமா, கிறிஸ்தவரா என்று யாருக்குத் தெரியும்? ஆகவே மூன்று சமயத்தாரும் சேர்ந்து நின்று, ஒவ்வொருவருக்கும் மூன்று முறைப்படியும் பிரார்த்தித்தார்கள். தலைமாட்டில் வெறும் எண். டிஎன்ஏ முடிவு வரவர எண்ணுக்குப் பெயர் கிடைத்தது. உறவினர்கள் தங்கள் முறைப்படி வந்து கும்பிட்டார்கள். கர்க்கடக வாவும் அந்த வாரத்திலேயே வந்தது. கேரளத்தில் நீத்தாரை நினைக்கும் முறைகள் எத்தனை இருந்தாலும், தேவைப்பட்டபோது அவை ஒரே குழிமேட்டில் சண்டையின்றி நின்றன. உங்கள் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்ல வேண்டிய நிகழ்ச்சி இது.

நேர்மாறாக நடந்ததையும் மறைக்க வேண்டாம். இதே கேரளத்தில் ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயா சபைகளின் வழக்கால் உடல்கள் வாரக்கணக்கில் அடக்கமின்றிக் காத்திருந்தன. குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்யும் உரிமையை உறுதிப்படுத்த 2020இல் கேரளச் சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்ற வேண்டி வந்தது. இலங்கையில் கொரோனா காலத்தில் முஸ்லிம்களின் உடல்களும் கட்டாயமாக எரிக்கப்பட்டன. 2021இல்தான் அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது, அதுவும் ஓட்டமாவடியில். 2024இல் அரசு மன்னிப்புக் கேட்டது. 2021 ஜனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில், போரில் இறந்த தமிழர்களுக்கான முள்ளிவாய்க்கால் நினைவுச் சின்னம் இரவில் இடிக்கப்பட்டு, எதிர்ப்புக்குப் பின் மீண்டும் கட்டப்பட்டது. தன் பிணத்தைத் தன் முறைப்படி அனுப்பவும், அதன் பெயரை வெளியில் சொல்லி அழவும் உரிமை இல்லாமல் போவது மனிதருக்கு நேரக்கூடிய கொடுமைகளில் பெரிது. அந்த உரிமை தடையின்றி இருக்கிற நாம் அதை வாத்தியார் கையிலும் உபதேசியார் கையிலும் ஒப்படைத்துவிட்டுச் சும்மா இருப்பது நியாயமில்லை.

பெயர் சொல்லும் வேலையை ஒழுங்காகச் செய்கிறவர்கள் உலகில் உண்டு. ஹிரோசிமா நினைவுச் சின்னத்துக்குள் ஒரு பெயர்ப் பதிவேடு இருக்கிறது. அணுகுண்டு வீச்சில் பாதிக்கப்பட்டு முந்தைய ஓராண்டில் மறைந்தவர்களின் பெயர்களை ஒவ்வோர் ஆகஸ்டு 6 அன்றும் அதில் சேர்க்கிறார்கள். இன்று மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. நம் ஊரிலும் இதற்கு ஒரு வடிவம் உண்டு. மலையாள நாளிதழ்களில் நாள்தோறும் வரும் சரமம் என்னும் இறப்புச் செய்திப் பக்கத்தைப் பாருங்கள். சின்னச் சின்னப் படங்கள்; கீழே பெயர், வயது, மனைவி பெயர், மக்கள் பெயர், மருமக்கள் பெயர், அடக்கம் எத்தனை மணிக்கு என்று. ஆட்டோ ஓட்டியவரும் நீதிபதியாக இருந்தவரும் ஒரே அளவுப் பெட்டியில் இருப்பார்கள். பல வீடுகளில் காலையில் முதலில் திருப்புவது அந்தப் பக்கத்தைத்தான்.

பெரிய மனிதர்களை இந்த நகரம் வழியனுப்பியதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2023 ஜூலையில் முன்னாள் முதலமைச்சர் உம்மன் சாண்டியின் உடல் இங்கிருந்து கோட்டயம் போய்ச்சேர ஒரு நாளுக்கும் மேல் ஆயிற்று. புதுப்பள்ளியில் அவர் கல்லறையில் இன்றும் மனு எழுதி வைக்கிறார்கள். 2025 ஜூலையில் இன்னொரு முன்னாள் முதலமைச்சர் வி.எஸ். அச்சுதானந்தன் ஆலப்புழை வலிய சுடுகாட்டுக்குப் போன வழியெங்கும் மழையில் மக்கள் நின்றார்கள். பெரியவர்களை ஊர் பார்த்துக்கொள்ளும். நம் முப்பாட்டியை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனாலும் ஊர் மறக்கத்தான் செய்கிறது, அதிலும் தமிழோடும் தமிழ் மண்ணோடும் தொடர்புடையவர்களை. தலைமைச் செயலகத்தின் எதிரே இருக்கும் நிறுத்தத்துக்கு ஸ்டாச்சு என்று பெயர். அங்கே நின்று பேருந்து ஏறுகிறவர்களில் எத்தனை பேருக்கு அது கும்பகோணத்தில் பிறந்து 1857 முதல் 1872 வரை இங்கே திவானாக இருந்த மாதவ ராவின் சிலை என்று தெரியும்? சிலை நிற்கிறது, பெயர் உதிர்ந்துவிட்டது. தைக்காட்டுச் சிவன் கோவில் 1909இல் சமாதியான தைக்காட்டு அய்யாவின் சமாதிமேல் எழுந்தது. தமிழரான அவர் ரெசிடென்சியில் அலுவலராக இருந்துகொண்டே சட்டம்பி சுவாமிகளுக்கும் நாராயண குருவுக்கும் யோகம் கற்பித்தார். சாதி பாராமல் எல்லாரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தார். தமிழ்த்தாய் வாழ்த்தை நமக்குத் தந்த மனோன்மணீயத்தின் ஆசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை இங்கே அன்றைய மகாராஜா கல்லூரியில் பேராசிரியர். பேரூர்க்கடையில் குடியிருந்து, 1897இல் மறைந்தார். அவர் பெயரில் பல்கலைக்கழகம் இருப்பது திருநெல்வேலியில். எழுத்தாளர் நகுலன் 2007இலும், சாலைத் தெருவின் மனிதர்களைக் கதைகளாக்கிய ஆ. மாதவன் 2021இலும் இந்த நகரத்தில்தான் கண்மூடினார்கள். இவர்கள் மறைந்த நாட்கள் திருவனந்தபுரத்துத் தமிழ் அமைப்புகளின் நாட்காட்டியில் இடம்பெற வேண்டும். ஒரு மாலை நேரமும் பத்துப் பேரும் இருந்தால் போதும்.

மகாளய பட்சத்தில் காருண்ய பித்ருக்கள் என்று ஒரு பகுதி உண்டு. பெரியப்பா, அத்தை, ஆசிரியர், நண்பர், பிள்ளை இல்லாமல் போனவர் என்று பெற்றோர் வரிசைக்கு வெளியே இருப்பவர்களுக்கும் அப்போது எள்ளும் நீரும் இறைக்கலாம். நம் மரபே அவ்வளவு தூரம் கையை நீட்டியிருக்கிறது. வீட்டில் ஐம்பது ஆண்டு வேலை பார்த்த அம்மாளின் பெயரையும் அங்கே சொல்லலாம். சடங்கு வேண்டாம் என்பவர்கள் அவர் பெயரைச் சொல்லி நாலு பேருக்குச் சாப்பாடு போடலாம்.

இனி உங்களிடம் கேட்பது இதுதான். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தகப்பன் வழி, தாய் வழி இரண்டிலும் எட்டிய வரை பெயர்களை எழுதுங்கள். பெயருக்குப் பக்கத்தில் எந்த ஊரிலிருந்து வந்தார், என்ன தொழில், எந்த ஆண்டு, எந்த நாளில் இறந்தார், எங்கே எரித்தார்கள் அல்லது அடக்கினார்கள் என்று குறியுங்கள். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் வந்தது. அதன்படி இறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்பதால் அண்மைக் காலத்து விவரம் மாநகராட்சிப் பதிவேட்டில் கிடைக்கும். தமிழ்ப் பெயர் மலையாள எழுத்தில் சற்றே மாறியிருக்கலாம், கவனமாகத் தேடுங்கள். கிறிஸ்தவக் குடும்பத்தார் பங்குப் பதிவேட்டையும், முஸ்லிம் குடும்பத்தார் ஜமாஅத்துப் பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள். பழைய கல்யாணப் பத்திரிகையும் கடைக் கணக்கு நோட்டும் பத்திரத்தின் முதல் பக்கமும் பெயர்களை ஒளித்து வைத்திருக்கும். ஆச்சி, பாட்டி, உம்மும்மா, அம்மாமை என்று உறவுமுறையாலேயே அழைக்கப்பட்டுச் சொந்தப் பெயர் மறைந்துபோன பெண்களை முதலில் தேடுங்கள். அவர்களைத் தெரிந்தவர்கள் வேகமாகக் குறைந்து வருகிறார்கள்.

அப்படியே அடுத்த வீட்டு நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். நவம்பர் 2 அன்று தெரிந்தவர் கல்லறைக்கு ஒரு முழம் பூவோடு போங்கள். வாவு பலிக்குத் தனியாகப் போகும் பக்கத்து வீட்டு முதியவரைத் திருவல்லம் வரை வண்டியில் கொண்டுவிடுங்கள். உரூஸ் நாளில் பீமாபள்ளித் தெருவில் ஒருமுறை நடந்து வாருங்கள்.

அடுத்த ஆடி அமாவாசை வருமுன் நோட்டில் பத்துப் பெயராவது ஏறட்டும். உங்கள் அம்மாவின் அம்மாவைப் பெற்றவள் பெயரில் தொடங்குங்கள். இன்றைக்கே அம்மாவிடம் கேளுங்கள்.

திருவனந்தபுரத்திலிருந்து,
அன்புடன்.